வார்டனக்காவின் கப்பல் நேரம்

"ஓடாதே, ஓடாதே! ஓடினா மட்டும் போன நேரம் திரும்பி வந்துடுமா?" என்று சொல்லிக்கொண்டே அடையாள அட்டைக்குக் கையை நீட்டுகிறார் வார்டனக்கா. கப்பலில் ஏறும் படிக்கட்டின் உச்சியில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் முதுகைச் சாய்க்காமல், பரீட்சை எழுத வந்தவரைப் போல உட்கார்ந்திருக்கிறார். மூச்சிரைக்க ஏறி வருகிறவன் முகத்தை அவர் உடனே பார்ப்பதில்லை. முதலில் தன் கைக்கடிகாரம், பிறகு அவன் அட்டை, கடைசியில்தான் அவன். "பொழச்சே, போ" என்றால் பையன் நேரத்துக்கு வந்துவிட்டான். "வாப்பா ராசா, வா" என்று குழைந்தால் அவன் கதை முடிந்தது.

கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோடை முழுவதும் துறைமுகம் துறைமுகமாகப் போகிற படிப்புக் கப்பல் அது. கடலில் இருக்கும் நாட்களில் வகுப்பு, கரை வந்தால் ஊர் பார்த்தல். பழைய நடனக்கூடத்தில் பொருளாதாரம் நடக்கிறது. தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். வருடத்தின் மற்ற மாதங்களில் வார்டனக்காவுக்குக் கரையில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை. விடுமுறையில் விடுதி வெறிச்சோடிவிடும். "காலி ரூமுக்கு எதுக்கு வார்டன்? கட்டில் எழுந்து ஓடியா போகப்போகுது?" என்று கேட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். நடுத்தளத்து அறைகளும், அவற்றில் இருக்கும் பிள்ளைகளும், அவர்களுடைய காய்ச்சல், வாந்தி, காதல், கோள்மூட்டல் அனைத்தும் அவர் பொறுப்பு.

கப்பல் எவ்வளவு ஆடினாலும் அவர் சுவரைப் பிடித்து நடக்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆட்டத்துக்கு ஏற்ப ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, தாழ்வாரத்தின் கடைசிவரை போய்வருவார். எதிரே பேராசிரியர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வருவார்கள். "இடம் கொடுத்தா தலையில ஏறிக்கும் சார், கடலும் பிள்ளைங்க மாதிரிதான்" என்பார். அலமாரிக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய துப்பட்டாவால் அதைக் கட்டிவைத்திருக்கிறார். தட்டும் டம்ளரும் நழுவாமல் இருக்க மேசைமேல் ஈரத்துணி விரிக்கும் வித்தையை முதல் வாரமே சமையற்காரரிடம் கற்றுக்கொண்டு, இரண்டாம் வாரத்திலிருந்து அதைச் சமையற்காரருக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தலைசுற்றி வாந்தியெடுக்கும் பிள்ளைகளை மேல்தளத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவார். கையில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டைத் திணிப்பார். "அதோ, தண்ணி முடியற எடத்தைப் பாரு. அது ஆடாது. வயித்தைப் பத்தி யோசிக்காதே. நாளைக்கு இருக்கற டெஸ்டைப் பத்தி யோசி." டெஸ்ட் என்றதும் சிலருக்கு வாந்தி அதிகமானதும் உண்டு. குளித்த துண்டை யாராவது வெளிக்கம்பியில் காயப்போட்டால் மட்டும் அவருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். ஒருநாள் ஒரு மாணவனின் துண்டு பறந்துபோய் மேலே கேப்டன் அறை ஜன்னலை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து நடுத்தளத்தில் ஈரத்துண்டோடு யாரும் அவர் கண்ணில் படுவதில்லை.

ஆனால் அவருடைய பெயர் கப்பல் முழுக்கப் பரவியது நேரத்தால்தான். ஒவ்வொரு துறைமுகத்திலும், கப்பல் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். பிந்தி வருகிறவர்களுக்கு அடுத்த துறைமுகத்தில் மதியம்வரை இறங்க அனுமதி இல்லை. பிள்ளைகள் அதற்கு அரைநாள் ஜெயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி கிடைக்கவில்லை, வழி தவறிவிட்டது, பாட்டி பிறந்தநாள் என்று என்ன சொன்னாலும் வார்டனக்கா முழுசாகக் கேட்பார். நடுவில் "ஐயோ பாவம்" என்றுகூடச் சொல்வார். கேட்டு முடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சு. அடுத்த ஊர்ல மதியம் வரைக்கும் என்னோட உக்காந்து மீதிக்கதையைச் சொல்லு" என்பார்.

இந்தக் கப்பலுக்கு அவர் மனுப் போட்டதற்கு, வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. கோடையின் நடுவில் கப்பல் தொடும் ஒரு துறைமுகத்தில் அவருடைய தங்கை இருக்கிறாள். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனவள். பிரசவம், பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் என்று ஏதோ ஒன்று வந்து ஒவ்வொரு முறையும் பயணத்தைத் தட்டிவிட, அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஓடிவிட்டன. கப்பல் அங்கே ஒரு பகல்தான் நிற்கும். தங்கைக்குத் துணி ஆலையில் மதிய ஷிப்ட். சேர்ந்து சில மாதங்களே ஆன வேலை, லீவு என்று வாயைத் திறக்க முடியாது. எனவே அந்த ஒரு காலைப்பொழுது மட்டும்தான் இருவருக்கும். எந்தக் கடையில் காபி குடிப்பது என்பதுவரை போனில் பேசிவைத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய துறைமுகத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது.

கப்பல் மேற்கே போய்க்கொண்டிருந்ததால் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். அதை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் வார்டனக்காதான். "கூட ஒரு மணி நேரம் தூங்கறதுக்குத்தான். கூட ஒரு மணி நேரம் அரட்டை அடிக்கறதுக்கு இல்ல." அன்றும் அறிவித்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி, மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். அவரோடு அறையைப் பங்கிட்டிருக்கும் கப்பல் நர்ஸ் பிறகு வந்தார். அக்கா அசந்து தூங்குவதைப் பார்த்தார். பாவம், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தன்னுடையதை மறந்திருப்பார் என்று நினைத்து, அன்போடு இன்னொரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார்.

மறுநாள் கரை. வார்டனக்காவுக்கு வாராது வந்த ஓய்வுநாள். சாவகாசமாக எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், சமையற்காரர் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள என்ன கடையைக் கட்றீங்க?" என்று ஒரு போடு போட்டார். சமையற்காரர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அடுப்பை மறுபடி பற்றவைத்தார். ஊருக்குள் ஒரு குடைக்கடையில், "உங்க கடிகாரம் வேகமா ஓடுது" என்று கடைக்காரருக்கே சைகை காட்டினார். அந்த மனிதரும் நாற்காலி போட்டு ஏறி, மரியாதைக்காகத் திருப்பி வைத்தாராம்.

அக்கா குடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று மாணவர்கள் கவனித்தார்கள். கப்பலுக்குத் திரும்பக் கிளம்பியவர்கள் அவர்கள். வார்டனக்காவே இங்கே நிற்கிறார் என்றால் அவசரமே இல்லை என்று திரும்பிப்போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

மாலையில் அக்கா புதுக் குடையை ஊன்றிக்கொண்டு கம்பீரமாகப் படியேறினார். பின்னாலேயே அந்த மூவரும் வந்தார்கள். மடக்கு நாற்காலியில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த கப்பல் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சுவர்க்கடிகாரத்தின் பக்கம் மெல்லக் கையைக் காட்டினார். வார்டனக்கா அதைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"போன்ல மணி சரியாத்தான்க்கா காட்டுச்சு" என்றாள் மூவரில் ஒருத்தி. கப்பல் நாடகங்களில் கத்தி நடிக்கிற பெண். "நீங்க நிதானமா நின்னீங்களா, போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம்."

"என்னைப் பாத்து யாரு உங்களை மணி தெரிஞ்சுக்கச் சொன்னது? என் மூஞ்சியில முள்ளா ஓடுது?" என்று அக்கா சீறினார். ஆனால் குரலில் சுதி இல்லை. அடுத்த துறைமுகம் எது என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

கேப்டன் கூப்பிட்டனுப்பினார். "விதி பிள்ளைங்களுக்குத்தானேம்மா. நீங்க தாராளமா இறங்குங்க. அந்த மூணு பேரையும் விட்டுடலாம்."

"சார், அந்த நாற்காலியில உக்காந்து எத்தனை பிள்ளைங்களை அழ வெச்சிருக்கேன் தெரியுமா? இப்ப நானே நழுவிப் போயிட்டா, நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அதுல உக்காருவேன்?"

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு வந்து, துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சலவை இயந்திரத்தின் சத்தத்தோடு சத்தமாக அழுதார். நர்ஸ் ஓடிவந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். "நல்லதுக்குத்தானே பண்ணினே. இனிமே எனக்கு நல்லது மட்டும் பண்ணாதே, தாயே" என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னபோது மறுமுனையில் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. "நீயா? லேட்டா? என்னை ஸ்கூலுக்குத் தரதரன்னு இழுத்துட்டுப் போனவ நீ! இரு, அவருகிட்ட சொல்லிட்டு வரேன்." வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து மறுபடி சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும், "சரி, நான் எப்படியும் வரேன். கீழ நின்னு பாக்கறேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். வெளியாட்கள் கப்பலில் ஏறக் கூடாது. அதுவும் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்துவந்த விதிதான். எனவே தங்கை கீழே துறைமுகத் தரையில், அக்கா மேலே கம்பியைப் பிடித்தபடி. நடுவில் கப்பலின் வெள்ளைச் சுவர். ஆலைச் சீருடையிலேயே வந்திருந்தாள் தங்கை. கொஞ்சம் பருத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. போனில் தெரியாத நரை.

"எப்படி இருக்கே?" என்று அக்கா கத்தினார். காற்று அதை வாங்கிக்கொண்டு வேறெங்கோ போனது. கூடவே ஜெயிலில் இருந்த நாடகக்காரி முன்னால் வந்தாள். "விடுங்கக்கா, நான் சொல்றேன்." கையைக் குவித்து, துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி, "எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க!" என்று முழங்கினாள்.

"முட்டி வலி தேவலையான்னு கேளு!"

"முட்டி வலி தேவலையான்னு கேக்கறாங்கக்கா!"

"தேவலை! இவ ஏன் இப்படி எளைச்சுட்டா? அங்க சோறு போடறதில்லையா?" என்று கீழேயிருந்து தங்கை கத்தினாள்.

பின்னால் நின்ற சமையற்காரர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மேல்தளத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இறங்க அனுமதி உள்ளவர்கள்கூட இறங்காமல் நின்றார்கள். முட்டி வலியும், மூத்த பையனின் மதிப்பெண்ணும், மாமியாரின் கண் ஆபரேஷனும் நாடகக்காரியின் வெண்கலக் குரலில் மேலேயும் கீழேயும் போய்வந்தன.

அதற்குப்பிறகு பேச்சு வற்றிப்போனது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவர்களுக்குப் புதிதாகப் பேச என்ன இருக்கும்? பேசுவதற்காக இந்தக் காலைப்பொழுதுக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார் வார்டனக்கா. "இறங்கிடுங்கக்கா, நாங்க யாரும் பாக்கலை" என்று ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

மதியத்துக்கு, அக்கா இறங்கலாம் என்கிற நேரத்துக்கு, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. துறைமுக வாசலில் ஆலைப் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. அதை விட்டால் தங்கை ஷிப்டுக்குப் போய்ச்சேர முடியாது. பிந்திப் போகிறவர்களை அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அரைநாள் கூலியும் போய்விடும். அவள் அங்கே ஒருநாளும் பிந்திப் போனதில்லை. அக்காவின் வளர்ப்பு அல்லவா.

"பஸ் வந்துடுச்சு, போடி!" என்று வார்டனக்காவே கத்தினார். இந்த முறை நாடகக்காரி வாயைத் திறக்கவில்லை. "போ! லேட்டாகுது!"

தங்கை பேருந்தைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணாந்து அக்காவைப் பார்த்தாள். ஹாரன் இரண்டாம் முறை நீளமாக அடித்து ஓய்ந்தது. பேருந்து வாசலைத் தாண்டித் திரும்பி மறைந்தது. தங்கை மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு மூடினாள். படிக்கட்டின் கீழே கிடந்த மரப்பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, மறுபாதியை உள்ளங்கையால் தூசி தட்டிவிட்டாள்.