நல்ல காலுக்குச் சூடு வைத்த செல்வராணி சிஸ்டர்

செல்வராணி சிஸ்டர் இன்று காலை விக்கிரமங்கலத்தில் அவர் வீட்டில் இறந்துவிட்டார்.

போன் வந்தபோது மண்டியில் இருந்தேன். துக்கம்தான்... ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்!

என் மகள் யாழினிக்கு அப்போது நாலு வயது. திருச்சி ஆஸ்பத்திரியில், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு இதயத்து ஓட்டையை அடைத்தார்கள். சக்சஸ். வார்டில் தூங்குகிறாள், முகம் தெளிவு. ஏசி குளிருகிறதே என்று நான்தான் பாதம் வரை போர்வையை இழுத்து மூடினேன்.

சிஸ்டர் வந்ததும் போர்வையைத் தூக்கினார்.

"கால மூடாதீங்கன்னு சொன்னேன்ல? என்ன யாவாரம் பண்றீங்க?"

"பூலாம்பாடியில சின்ன வெங்காயம்ங்க."

"மூட்டைய மேலாப் பாத்தே வெல பேசிருவீங்களோ?"

கேட்டுக்கொண்டே வலது பாதத்தைத் தொட்டவர், குனிந்து நாடி பிடித்துப் பார்த்தார். பாதம் வெளுத்து ஜில்லென்று... நாடி இல்லை.

டியூப் போன ரத்தக்குழாய் சுருங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் குழாய் சன்னம், சில நேரம் இப்படி ஆகுமாம். டாக்டர் ஓடி வந்தார். ரத்தக்கட்டைக் கரைக்க மருந்து ஏறியது.

"காலு போயிருமா டாக்டர்?"

"சிஸ்டர் டயத்துக்குப் பாத்துட்டாங்க. பொறுங்க."

அடுத்து சிஸ்டர் வெதுவெதுப்பான துணியை இடது காலில் சுற்றினார். எனக்கு வந்ததே கோபம்!

"என்னங்க சிஸ்டர், ஜில்லுனு இருக்கறது அந்தக் காலு! நல்ல காலுக்குப் போயி சூடு வைக்கிறீங்களே!"

"ரத்தம் ஓடாத காலு சூடு தாங்காதுண்ணே, வெந்துரும். இங்க வச்சா அங்கயும் குழாய் விரியும். கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க."

வலது பாதத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்த இடத்தில், ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கிற சின்ன மெஷினை வைத்து வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை...

சாயங்காலம் டீ வரும் நேரம். புஸ்க்... புஸ்க்... புஸ்க்!

"வந்துருச்சுய்யா!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து பெட் குழந்தை வீறிட்டது. நான் கை தட்டினேன். என் மனைவி அந்த மெஷினைக் கும்பிட்டாள்!

போன வாரம் யாழினி ஸ்கூலில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் ஃபர்ஸ்ட்! சிஸ்டருக்கு வீடியோ அனுப்பினேன். உடனே போன் போட்டார்: "வலது காலுதாண்ணே முன்னால விழுது, பாத்தீங்களா!"

போயிட்டு வாங்க சிஸ்டர். நாளை காலை யாழினியோடு விக்கிரமங்கலம் வருகிறோம், வெங்காயத்தோடு.

டிஸ்சார்ஜ் அன்று நான் நீட்டிய கவரைத் தள்ளிவிட்டு நீங்கள் பேசி முடித்த பேரம் அதுதானே... "வருசத்துக்கு ஒரு தடவ பிள்ள என் முன்னால ஓடிக் காட்டணும். கூட ரெண்டு கிலோ வெங்காயம். மூட்டை அடியிலேர்ந்து எடுத்தது."