மரியம்மாளின் வெந்நீர் அடுப்பு

தேவகிருபைக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது ஆம்பூரில் அவள் தெருவுக்கே தெரியும். வராமல் என்ன செய்யும்? மூத்தவள் அக்சா 1999இல் எடை குறைந்து பிறந்தாள். தவழும் முன்பே நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து மாமியார் மரியம்மாளுக்கு ஒரே பாட்டு.

"எங்க வம்சத்துல யாருக்கும் இழுப்பு கெடையாது. உங்கப்பா மோசஸுக்குத்தான் இருக்குது. அந்த ரத்தம்தான் இது."

மோசஸ் ஆஸ்துமாக்காரர், உண்மைதான். அதற்காக ஒருத்தியை எத்தனை வருடம் குத்துவது? குழந்தை தும்மினால் மோசஸ், இருமினால் மோசஸ். சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்தால்கூட சம்பந்தியின் இழுப்பைச் சொல்லாமல் அந்த அம்மா உட்கார மாட்டாள்.

2003இல் தேவகிருபை மறுபடி உண்டானாள். இந்தப் பிள்ளையாவது மூச்சு முட்டாமல் பிறக்க வேண்டும், அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை. டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"ரத்தத்துல வர்றதும் உண்டும்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா வயித்துல இருக்கிறப்பவே புகையும் நெடியும் பட்டா எடை கொறையலாம், இழுப்பும் சீக்கிரம் ஒட்டிக்கலாம். அப்பாவ மாத்த முடியாது. காத்தையாவது மாத்திக்கோ."

ஆம்பூரில் காற்றை மாற்றுவது லேசா? அவள் ஷூ கம்பெனியில் பசை தடவுகிறவள். சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி, டப்பாவில் ஷூ அடுக்கும் பேக்கிங்குக்கு மாறினாள். தெருப்பக்க ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். இனி பயமில்லை என்று நினைத்தாள், பாவம்.

ஐந்தாம் மாதத்தில் மரியம்மாள் ஒரு கல்யாணத்துக்காக ஜோலார்பேட்டை போய்த் தங்கினாள். அவள் இல்லாத நாளெல்லாம் அக்சா இருமவேயில்லை. திரும்பி வந்த மறுநாள் காலையில் குளிக்கப் போன பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. தேவகிருபை பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள்.

மாமியார் ஊரில் இல்லாத நாளெல்லாம் மூட்டாமல் கிடந்த வெந்நீர் அடுப்பு குளியலறைச் சுவரை ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தோல் துண்டுகள். புருஷன் சாமுவேல், தான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் டேனரியிலிருந்து சாக்குப்பையில் கொண்டுவரும் வெட்டுக் கழிவு. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வெந்நீருக்கு எரிபொருள், அந்த நாற்றம் யார் மூக்குக்கும் நாற்றமாகவே தெரியாது. பிள்ளைத்தாச்சிக்கு ஆகும் என்று மரியம்மாள் காலையும் மாலையும் வெந்நீர் வைத்து, காற்று படக் கூடாதென்று கதவையும் சாத்தி மருமகளைக் குளிப்பாட்டியிருக்கிறாள். அக்சா வயிற்றில் இருந்தபோதும் இதே கவனிப்புதான்.

தேவகிருபை ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள்.

"இன்னாடி பண்ற? உனக்குத்தானே வெந்நீ வெச்சேன்!"

"போதும் அத்தை உங்க வெந்நீ! பிள்ளைய வயித்துலயே புகை போட்டுட்டு, எங்கப்பா தலையிலயா கட்டறீங்க?"

"ஊரே இதத்தான் எரிக்குது. உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

சாமுவேல் அம்மாவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அதன் பிறகு சாக்குப்பை வீட்டுக்குள் வரவில்லை. பிரசவம் வரை தேவகிருபை பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள், மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது பிள்ளை நெல்வின் கொழுகொழுவென்று பிறந்தான். அழுகை வார்டையே தூக்கியது. மரியம்மாள் பேரனை வாரி எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா, அப்படியே எங்க ரத்தம்!"

தேவகிருபைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள், கட்டில் ஓரத்தில் நின்ற அக்சா கேட்டாள்.

"அப்ப நான் யாரு ரத்தம், ஆயா?"

நாலு வருடமாக மோசஸ் பாட்டே பாடிய மரியம்மாள், கையிலிருந்த பேரனின் துணியை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினாள். தேவகிருபைக்கு எரிச்சல் போய் அழுகை வந்துவிட்டது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீயும் அதே ரத்தம்தான்டி கண்ணு. நீ என் வயித்துல இருந்தப்ப அந்த அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."