பத்துமணிப் பூவும் சாத்திய ஜன்னலும்

மாதுங்காவில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. வெயில் விழும் ஒரே இடம் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய சிமெண்டு சஜ்ஜாதான். அங்கே ஒரு தொட்டியில் பத்துமணிப் பூச்செடி வைத்தேன். மாலையில் காலேஜிலிருந்து வந்து பார்த்தால் மொட்டெல்லாம் சுருங்கிக் கிடக்கும். தண்ணீர் போதவில்லை என்று செம்பு செம்பாக ஊற்றினேன். ஒன்றிரண்டு தண்டு அழுகியதுதான் மிச்சம்.

ஒரு விடுமுறைநாள் காலை, கோபத்தில் செடியைப் பிடுங்கி எறிய சஜ்ஜாவில் இறங்கினேன். பின்னால் ஜன்னலின் மரக்கதவு சாத்தும் சத்தம்! நான் வெளியே இருப்பது தெரியாமல், புறா நுழையாமலிருக்க அம்மா தாழ்ப்பாள் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். தட்டினேன், கத்தினேன். வீட்டில் யாருமில்லை. திரும்பி நிற்கக்கூட இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

கீழே கூட்டம். பரீட்சை முடிவு வந்த நேரம் வேறு.

"அரே பேட்டா, ஃபெயில் ஹுவா தோ க்யா? கூத்னா மத்!" என்று பால்கார பையா அலறினார். ஃபெயிலானால் என்ன, குதிக்காதே என்கிறார்.

"நான் பாஸ்! ஜன்னல்தான் சாத்திப் போச்சு!"

பயத்தில் எனக்கு ஹிந்தியே வரவில்லை.

வெயில் ஏறியது. என் காலடியில் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அத்தனையும் ரோஜா நிறம்! சுவரோடு ஒட்டியபடியே வாய்பிளந்து பார்த்தேன்.

வந்து ஜன்னலைத் திறந்த அம்மாவிடம் முதலில் பூவைத்தான் காட்டினேன்.

"அது தினம் பூத்துட்டு மத்தியானமே மூடிக்கறதேடா! நீ என்னைக் கேட்டாத்தானே?"

இப்போது தொட்டி ஜன்னலுக்குள்ளிருந்தே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர். மாலையில் வந்ததும் செடியைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைக் கேட்கிறேன்: "இன்னிக்கு எத்தனை பூத்தது?"