கிடுகு வேண்டாம் என்ற சிவமண்ணை

எங்கள் ஊரில் சாவுச் செய்தியைச் சிவமண்ணையின் குரலில் கேட்டுத்தான் பழக்கம். கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் அறிவிப்பாளர். சென்ற மாதம் ஒரு காலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அக்கராயன் வீதியால் வந்தபோது குரல் வேறு யாருடையதோ. பெயர்தான் அவருடையது. முதல்நாளே தெரிந்த செய்திதான் என்றாலும், முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவரோடு பழகியவர்களுக்கு அவர் படுக்கையில் விழுந்த கதை தெரியும். கடைசிச் சண்டையில், இடம்பெயர்ந்து இருந்த, தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் ஷெல் விழுந்து ஓலை பற்றிக்கொண்டது. உள்ளே கிடந்த தாயை இழுக்க ஓடியவருக்கு அடுத்த ஷெல்லின் துண்டு முள்ளந்தண்டில் பட்டது. தாய் வெளியே வரவில்லை. இவருக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு போயிற்று. அந்தப் பகுதி வேர்ப்பதும் நின்றது. வெக்கை ஏறினால் உடம்பு தானாக ஆறாது, கவனம் என்று வைத்தியர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

மீள்குடியேறியபோது தகரக்கூரை போட்ட சின்ன வீடு கிடைத்தது. அடுத்த வளவு எங்களுடையது. "தகரம் எரியாது தங்கச்சி, எனக்கு அது காணும்" என்றார். வறண்ட கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் அந்த வீட்டுக்குள் போனால் கண் எரியும். வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து டக், டக் என்று சத்தம் போடும். ஆணிகள் மேலே கிளம்பும். ஈரத்துணியைப் போர்த்துக்கொண்டு கிடப்பார். "தகரம் கதைக்கத் தொடங்கிட்டுது. இனிப் பொழுதுபடும்வரைக்கும் என்னைக் கதைக்க விடாது" என்பார்.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கோயில் ஆட்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கிடுகு ஏற்றிவந்து, தகரத்துக்கு மேலே வேய ஏறினார்கள். சிவமண்ணை கட்டிலில் கிடந்தபடியே, அறிவிப்புக்கென்று தலைமாட்டில் வைத்திருந்த மைக்கைப் போட்டார். "என்ர கூரையில ஏறி நிற்கும் பெரியோர்கள் உடனடியாகக் கீழே இறங்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!" ஊரே சிரித்தது. நான் உள்ளே போனேன். மைக்கை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிடுகுக்குக் கீழ என்னைப் போடாதேங்கோ. பத்தினா எனக்கு எழும்பி ஓடேலாது" என்றார்.

மனைவி சரசக்கா வெளியே வந்தார். கிடுகை மாட்டுக்கொட்டிலுக்குப் போடச் சொன்னார். மாடு சுகமாகப் படுத்தது.

கடைசி நாளன்று மத்தியானம் கரண்ட் நின்றது, மின்விசிறியும் நின்றது. சங்கக்கடைக்குப் போன சரசக்கா திரும்பி வந்தபோது அவர் ஏதோ பிதற்றிக்கொண்டிருந்தாராம். தொட்ட கை சுட்டதாம். தண்ணீர் ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பலனில்லை. "ஷெல்லுக்குத் தப்பின மனுசனைக் கூரை கொண்டுபோட்டுது பிள்ளை" என்று சரசக்கா என் தோளில் விழுந்து அழுதார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இந்த வெயிலுக்குத் தகரத்தை அடித்து வீடு என்று கொடுத்தவர்கள், ஒரு மத்தியானமாவது அதற்குக் கீழே படுத்துப் பார்க்கவேண்டும்.

என் வீடும் தகரந்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு கிடுகு வாங்கி மேலே வேய்ந்துவிட்டேன். மத்தியானத்தில் இப்போது மூச்சு விட முடிகிறது. ஆனால் பக்கத்தில் யாராவது குப்பைக்கு நெருப்பு வைத்தால் போதும், வாளி நிறையத் தண்ணீரோடு முற்றத்துக்கு ஓடுகிறேன். புகை அடங்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சிவமண்ணை எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்.