அம்மாவும் இசைவாணியும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்

கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ஸ்டிக்கர் வெட்டினோம். ஒரு நிச்சயதார்த்தத்துக்கான தாம்பூலப் பைகளில் ஒட்டுவதற்கு, நூற்றிருபது வட்ட ஸ்டிக்கர். இயந்திரத்தில் வெட்டித் தரும் கடை விழுப்புரத்தில் இருக்கிறது. அதற்குத் தனிக் கூலி. அதனால் அம்மா எப்போதும் கத்தரிக்கோலால் வெட்டுவாள்.

நான் கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். அம்மா காகிதத்தைத் திருப்பினாள்.

"கத்திரிய ஆட்டாத கலா. பேப்பர சுத்து."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா உன்து மட்டும் ஏன் கொழுக்கட்ட மாதிரி வருது?"

அப்போது போன் வந்தது. இசைவாணி. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வெட்டிட்டியா?"

"எங்க? ஒத்தாசைக்கு இஞ்சினியரு வந்துகீது. சாயந்தரம் ஆவும் போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகு அம்மா கேட்டாள். "அந்த வெப்சைட்ட எப்பதான் முடிப்ப?"

"முடிச்சிடறேன்."

"பொங்கலுக்கும் இதையேதான் சொன்ன."

வியாழக்கிழமை காலை கொடியில் துணி காயப்போடும்போது விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தொன்று.

அம்மா பெயர் தேவகி. ஓமந்தூர்ப் பக்கம் நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கினாள், களை எடுத்தாள். கல்யாணமாகித் திண்டிவனம் வந்தாள். அப்பா லாரி ஓட்டினார். எனக்குப் பத்து வயதில் விபத்தில் இறந்தார். அதன் பிறகு அம்மா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் இஞ்சினியரிங் படித்தது அந்தச் சம்பளத்தில்.

அதே கடையில் டைப் அடிக்க வந்தவள்தான் இசைவாணி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவாள். அந்தக் கணக்கில் எனக்கு அவள் சித்தி.

கொரோனாவில் கடை மூடினார்கள். பிறகு திறக்கவே இல்லை. அம்மா சில நாள் சும்மா இருந்தாள். ஒருநாள் சென்னைக்கு எனக்குப் போன் செய்தாள்.

"கலா, நான் டிசைன் பண்லாம்னு இருக்கேன். பத்திரிக்க, பேனரு, லேபிளு. எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு சொல்லு."

நான் ஒரு கம்பெனியில் இணையப் பக்கங்களை வடிவமைக்கிறேன். படித்து வந்த வேலை. அந்த மிதப்பில் பதில் சொன்னேன்.

"அதுக்கெல்லாம் கலர் தியரி படிக்கணும்மா. எழுத்து அமைப்பு தெரியணும். உனக்கு மவுஸே புடிக்கத் தெரியாது."

"தெரியாதுன்னுதானே உன்ன கேக்கறேன்?"

"சரி. அடுத்த வாரம் வந்து சொல்லித் தர்றேன்."

அடுத்த வாரம் ஆபீஸில் ஒரு புதிய பக்கத்தை வெளியிடும் வேலை வந்தது. போகவில்லை. அதற்குள் இசைவாணி சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு அம்மாவின் வேலையில் எனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று ஐந்து வருஷம் முயன்றேன். என்னால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு வேலை, ஒன்றே ஒன்று போதும் என்று நினைத்தேன்.

அம்மாவும் இசைவாணியும் விழுப்புரம் போய் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பாசஞ்சர் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மானிட்டருக்கு அம்மாவின் சேலை சுற்றியிருந்தது. வாட்ஸ்அப்பில் படம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாக ஒன்று சொல்லியிருப்பேன். வாங்கியதில் திரையின் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடியது.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அந்தாண்ட டூலுங்கள வெச்சிக்கினேன்."

மென்பொருள் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. எழுத்துருக்களில் வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் இறக்கினாள். திருட்டுச் சாப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்றவனை இசைவாணி துரத்திவிட்டாளாம். அதையும் அம்மா பெருமையாகச் சொன்னாள்.

அந்தத் திரை காட்டும் நிறத்தை நம்ப முடியாது. அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். விழுப்புரத்தில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் ஓரம் வெட்டிப் போடும் துண்டுகளைப் பொறுக்கி வருவாள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் கம்ப்யூட்டரில் அந்த நிறத்துக்கு உரிய எண்களைக் கேட்டுப் பேனாவால் எழுதுவாள். இருநூறுக்கு மேல் சேர்த்து, துளையிட்டுக் கயிற்றில் கோத்திருந்தாள். வாடிக்கையாளர் வந்தால் திரையைக் காட்டமாட்டாள். அந்தக் கொத்தை எடுத்து நீட்டுவாள். "இந்தச் செவப்பா, அந்தச் செவப்பா?" அவர் தொட்ட நிறம் அப்படியே அச்சில் வரும். என் ஆபீஸில் நிறம் சரிபார்த்த பெரிய திரை இருக்கிறது. எனக்கு இது தோன்றியிருக்காது.

முடித்த லேபிளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பாட்டிலில் ஒட்டி, எதிர்க் கடை அலமாரியில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி நின்று பார்ப்பாள். பெயர் படிக்க முடியவில்லை என்றால் திரும்ப உட்காருவாள்.

ஒருமுறை நான் செய்த பக்கத்தைப் போனில் காட்டினேன். மூன்று மாத வேலை. அம்மா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு, வெயிலுக்குப் போனாள்.

"ஒண்ணும் தெரிலயே கலா. வெள்ளைல சாம்பல் கலர்ல எழுதிகீற. வெயில்ல நிக்கறவன் எப்பிடிப் படிப்பான்?"

"இது டெலிவரி பண்றவங்க பாக்கறதுமா. அவங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர்கள் வெயிலில்தான் நிற்பார்கள். இரண்டு வாரம் கழித்து மேனேஜர் அதையே சொன்னார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

போன வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல். இசைவாணி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். பிரம்மதேசம் கிராமத்தில் ஒரு காதுகுத்து, அதற்கு ஒரு பேனர். நான் செய்கிறேன் என்றேன். வீட்டுக்காரர்கள் பத்தொன்பது புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். நடுவில் குழந்தை. பக்கத்தில் தாய்மாமன், எல்லாரையும்விடப் பெரிதாக. அதெல்லாம் எனக்குத் தெரியும். மீதிப் பதினேழு பேரை எட்டு எட்டாக இரண்டு வரிசை வைத்ததில் ஒரு முகம் மிஞ்சியது. வயதானவர், கிருஷ்ணசாமி, குழந்தையின் தாத்தா. அவரை மேலே தனியாக ஒரு வட்டத்தில் வைத்தேன். பக்கத்தில் வெறுமையாக இருந்தது. ஒரு குத்துவிளக்கு போட்டேன். சமநிலை அழகாக வந்தது. அம்மா படுத்திருந்ததால் காட்டாமலே அச்சுக்கு அனுப்பினேன்.

மறுநாள் கிருஷ்ணசாமியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா தேவகி, என்ன எப்பம்மா அனுப்பி வெச்ச?"

அம்மா போர்வையோடு எழுந்து உட்கார்ந்தாள். "இன்னா சொல்றீங்க பெரியவரே?"

"மேல வட்டம் போட்டு, பக்கத்துல வெளக்கேத்தி வெச்சிகீற. எங்கிட்ட இருக்கற உசுரு உனக்குப் பத்தலியா? சம்பந்தி பாத்துட்டு, மால வாங்கியாரட்டுமான்னு கேக்கறான். என் பொண்ணு அழுதுக்கினு கீது."

எங்கள் பக்கத்தில் பேனரின் மேல் வட்டமும் விளக்கும் செத்தவர்களுக்கு. ரோட்டோரம் எத்தனை பேனர் பார்த்திருப்பேன். பார்த்ததெல்லாம் கணக்கில் வரவில்லை. கட்டத்தில் ஒருவர் அதிகம் என்பதுதான் தெரிந்தது.

"என் தப்புதாங்க" என்றாள் அம்மா. "ஜொரத்துல கவனிக்கல. பத்து மணிக்குள்ள மாத்திடறேன்."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இசைவாணிக்குப் போன் போனது. மாமியார் வீட்டிலிருந்தே செல்போனில் இரண்டு ஒட்டுத் துண்டு வரைந்து அனுப்பினாள். ஒன்றை அடித்து வட்டத்தின் மேல் ஒட்டிவிட்டால் அங்கே பிள்ளையார் வருவார். பெரியவர் தாய்மாமனுக்கு எதிர்ப்பக்கம், குழந்தையின் இன்னொரு தோளில். அதற்கு இன்னொரு துண்டு. முழு பேனரும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை.

"பெரிய படிப்புக்காரங்க உசுரோட கீறவர மேல ஏத்திட்டாங்களே அக்கா" என்று சிரித்தாள். அம்மாவும் இருமிக்கொண்டே சிரித்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். காதில் விழுந்தது.

சாயந்தரம் அம்மா சொன்னாள். "பேனரெல்லாம் இசைவாணி பாத்துக்கட்டும். நமக்குன்னு ஒரு வெப் வேணும். அத நீ பண்ணு. அவளுக்கு அது தெரியாது."

அவளுக்கு அது தெரியாது. அந்த ஒரு வரிக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமை வேலை செய்தேன். சொந்த முகவரி, இரண்டு மொழி, விரல் பட்டால் விரியும் படங்கள். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் நன்றாக வரும் என்று தோன்றியது. ஏழு மாதம் ஆனது.

ஒருநாள் அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு இணைப்பு. தொட்டேன். 'தேவகி டிசைன்ஸ், திண்டிவனம்.' எட்டுப் படம், போன் நம்பர், வாட்ஸ்அப் பொத்தான். இலவசமாகப் பக்கம் போட்டுத் தரும் ஒரு தளத்தில் செய்தது. கறுப்பில் மஞ்சள் எழுத்து. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.

"யாரு பண்ணாங்க?"

"இசைவாணிதான். ஒரு மத்தியானத்துல கத்துக்கினு பண்ட்டா. சும்மா உன்து வர்ற வரைக்கும்தான்டி. கோச்சிக்கினியா?"

"எனக்கென்ன கோவம்?"

"மூஞ்ச பாத்தா தெரியுது. அவ உனக்குப் போட்டி கெடையாது கலா. அவ பக்கத்துல கீறா. அவ்ளோதான்."

மூன்று வாரம் ஊருக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன். அந்த மூன்று வாரத்தையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

சாவுக்கு இசைவாணி வந்து என்னைவிட அதிகமாக அழுதாள். அம்மாவின் நகை எது, எந்தச் சேலை கட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துத்தான் முதலில் துக்கம் கேட்டார்கள். கம்ப்யூட்டரைத் திறக்கப் பாஸ்வேர்டும் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. சொன்னாள். "வேற எதுனா வேணும்னா கூப்பிடு கலா" என்றாள். நல்லவள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அம்மாவின் போன் அடித்தது. ஜெகதீசன் என்று ஒருவர். கூட்டேரிப்பட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். அம்மாவின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல் தன் கடைக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். இணையப் பக்கம் கேட்டு வந்த முதல் ஆள்.

"தேவகியம்மாங்களா? போன புதங்கெழமயே வர்றேன்னீங்க. ஒண்ணும் சேதி இல்லியே?"

சொன்னேன். மறுமுனையில் அவர் செக்கை நிறுத்துவது கேட்டது.

"நல்லாத்தானே பேசினாங்க" என்றார். பிறகு, "நீங்க இசைவாணிங்களா?"

"இல்லைங்க. நான் பொண்ணு. எனக்கும் இந்த வேலைதான். நானே வந்து படம் எடுக்கறேங்க."

"வாங்கம்மா. அந்த இசைவாணிங்கறவங்களையும் கூட்டிக்கினு வந்துடுங்க. அவங்க எடுத்தாத்தான் படம் படமா இருக்கும்னு அம்மா சொன்னாங்க."

"சொல்றேங்க" என்றேன்.

அம்மாவின் நோட்டில் அந்த வேலை எழுதியிருக்கிறது. ஜெகதீசன் கடை. காலை எட்டுக்குள் போகணும், அப்புறம் போர்டு மேல் நிழல். போர்டு, செக்கு, பாட்டில் வரிசை, அவர் முகம். கீழே அடிக்கோடு போட்டு: சிரிக்கச் சொல்லணும்.

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு பஸ்ஸில் அரை மணி நேரம். இரண்டு புதன்கிழமை போய்விட்டது. இசைவாணியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தனியாகவும் போகவில்லை. நான்கு படமும் எடுக்காமல் இருக்கிறது.