பகரம் வைத்த காசுமாலை

எங்கள் ஊரில் பாங்கு தொடங்கியபோது அதன் முதல் பங்குக்காரர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். இதற்காக நான் பெருமைப்பட வேண்டும் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பெருமை வந்ததில்லை. அந்தப் பங்கு என் காசுமாலையைப் பணயம் வைத்து வாங்கியது. வைக்கட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த சமயம் அது. நெல் விற்ற பணமும் தேங்காய் விற்ற பணமும் நாகர்கோவிலுக்குப் போய் வட்டிக்கடைக்காரர்களின் பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. நம் பணத்துக்கு நாமே ஒரு பாங்கு வைத்தால் என்ன என்று வயல்கார வீட்டு ஆட்கள் நாலு பேரும், சபைத் தெருவில் தேங்காய் வியாபாரம் பார்த்த கிறிஸ்தவர் ஒருவரும், பென்ஷன் வாங்கிய வாத்தியார் ஒருவரும் கூடிப் பேசினார்கள். சந்தை முக்கில் ஒரு பலசரக்குக் கடையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். பெயர் கொத்திய கல் மயிலாடியிலிருந்து வந்தது. இரும்புப் பெட்டி திருநெல்வேலியிலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டு, ஆரல்வாய்மொழிச் சுங்கத்தில் ஒரு ராத்திரி கிடந்து, மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. ஊரே போய்ப் பார்த்தது. கடைசிவரை அந்தப் பாங்கில் கருப்பட்டி வாசனை போகவில்லை.

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் ஒரே அடுக்களையில் இருந்தவர்கள். பங்கு வாங்கச் சொல்லி இருவரிடமும்தான் வந்து கேட்டார்கள். அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, குழம்பு ஊற்றினாள். நான் பக்கத்தில் அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"பங்குக்குப் பணம் வேணுமாம். ஒனக்க மாலையத் தாறியா?" என்று அவர் அவளைக் கேட்டார்.

"அது எனக்க கழுத்துலயே கிடக்கட்டும்" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்பளம் கருகிப் போனது.

அந்த வாரமே ஒரு நாள் நான் ஆற்றில் குளித்துவிட்டு வந்தபோது என் பெட்டி திறந்து கிடந்தது. மாலை இல்லை. திருட்டு என்று பதறிப் போனேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, "பாங்குலதான் இருக்கு. இனி கள்ளன் பயம் கிடையாது" என்றார். பாங்கிடம் மாலையை வைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு அதே பாங்கில் பங்கு வாங்கியிருக்கிறார். இது என்ன கணக்கு என்று கேட்டேன். ஒனக்கு இதெல்லாம் விளங்காது என்றார். இன்றுவரை விளங்கவில்லைதான்.

அன்றிலிருந்து என் ஓரகத்தியின் கழுத்தை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. அவள் மாலை என்னுடையதைவிட மெலிசு. காசும் சின்னது. எங்கள் அப்பா எனக்கு நிறுத்துப் போட்டது கனமான மாலை. ஆனால் என்ன, அவளுடையது கழுத்தில் கிடந்தது, என்னுடையது பாங்குப் பெட்டிக்குள் கிடந்தது. உண்மையைச் சொன்னால் மாலைக்காக மட்டும் நான் வயிறெரியவில்லை. அவளைக் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகும் அவள் புருஷன் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு காந்தும். சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் வேட்டியை நீலம் போட்டு உடுத்திக்கொண்டு பாங்குக் கமிட்டிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து வருவார். பங்குக்காரர் பெண்டாட்டி வெறுங்கழுத்தோடு கல்யாணத்துக்குப் போவாள். பங்கே வாங்காதவர் பெண்டாட்டி காசுமாலை குலுங்க முன்னால் நடப்பாள்.

பாங்கு நன்றாகத்தான் நடந்தது. பழைய சக்கரக் காசு போய் எங்கும் ரூபாய் ஆனபோது கிழவிகளெல்லாம் சுருக்குப்பையோடு அங்கேதான் வந்து நின்றார்கள். விதைப்புக்குக் கடன் கொடுத்தார்கள், அறுப்புக்குப் பிறகு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தை பிறந்தால் ஒரு சங்கடம். கல்யாணங்கள் வரும். ஊர்ப் பெண்களின் நகை பாதி இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அந்த வருத்தத்தில் அவர்கள் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவார்கள். கமிட்டிக்காரர்களுக்கும் வீட்டில் சோறு கிடைக்க வேண்டுமே. அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். பணயத்தில் இருக்கும் நகையை இரண்டு நாளைக்கு வெளியே எடுக்கலாம். அதற்குச் சமமான வேறொரு நகையை, யாருடையதாக இருந்தாலும், பகரமாக வைத்துவிட வேண்டும். கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பகரத்தை வாங்கிக்கொள்ளலாம். இதை எதிலும் எழுத மாட்டார்கள். மேனேஜர் பழைய பொட்டலத்தை அவிழ்த்து, பகர நகையை அதே துணியில் அதே சீட்டோடு கட்டி உள்ளே வைப்பார். எழுதினால் பரிசோதனைக்கு வருகிறவன் ஆயிரம் கேள்வி கேட்பான் என்று பயம்.

என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பிறந்த வீட்டுக்கு நான் வெறுங்கழுத்தோடு போனால் என் அம்மா அழுதே தீர்த்துவிடுவாள். பகரம் வைக்க அந்தக் கனத்துக்கு என்னிடம் வேறு நகை கிடையாது. என் ஓரகத்தியின் மாலையும் கைச்சங்கிலியும் சேர்த்து வைத்தால்தான் ஈடாகும். அவளிடம் போய்க் கேட்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு தடவை வாயெடுத்துவிட்டு, உப்பு இருக்கா என்று கேட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை அவளே, "ஏட்டி, என்ன வேணும் ஒனக்கு? உப்பு ஒங்கிட்டயே இருக்கே" என்றாள். சொன்னேன்.

கேட்டவுடன் கழற்றிக் கொடுத்தாள். முகம் கொஞ்சம் சுளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் புருஷன் அந்தப் பக்கம் வந்தபோது, "இவளுக்குக் குடுக்கேன்" என்றாள். "ஒனக்க பண்டம், நீ குடு" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். எனக்கு மறுபடி நெஞ்சு காந்தியது. உதவி வாங்கும்போதுமா என்று கேட்பீர்கள். ஆமாம், அப்போதும்தான்.

அவள் நகையைப் பகரம் வைத்து என் மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தங்கை கல்யாணத்தில் நான்தான் நான். என் அம்மா மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஊர் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சந்தை முக்கில் ஒரே கூட்டம். வடக்கே எங்கேயோ ஒரு பெரிய பாங்கு முழுகிவிட்டதாம். அது தெரிந்ததும் எல்லா ஊரிலும் ஆட்கள் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றிருக்கிறார்கள். எங்கள் பாங்கில் இருந்ததை மத்தியானம் வரை கொடுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு சர்க்கார் உத்தரவு வந்து ஒட்டினார்கள். கணக்குப் பார்த்து முடியும்வரை உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே போகாது.

என் மாலை என் கழுத்தில் இருந்தது. அவள் மாலையும் கைச்சங்கிலியும் உள்ளே மாட்டிக்கொண்டன. அதுவும் என் வீட்டுக்காரர் பெயர் எழுதிய பொட்டலத்தில்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. இனி முன்னால் நடப்பது நான் என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. கோயிலுக்குப் போனாலும் குளத்துக்குப் போனாலும் பெண்கள் அவளைத்தான் பார்த்தார்கள். "ஓரகத்திக்காகக் கழுத்தக் காலியாக்கிட்டு நிக்கா பாரு" என்று ஒருத்தி சொல்வாள். "யாருக்கு வரும் அந்த மனசு" என்று இன்னொருத்தி சொல்வாள். அவள் வெறுங்கழுத்தே பெரிய நகையாகிவிட்டது. எனக்கு வெறுங்கழுத்தாக இருந்த அத்தனை வருஷமும் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது என் கழுத்தில் தொங்கிய கனத்த காசுகளை எவளும் பார்க்கவில்லை.

மாசங்கள் ஓடின. அவள் மகளுக்கு நிச்சயதாம்பூலம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இராஜாக்கமங்கலம் பக்கம். அதற்கு முந்தின நாள் காலையில் நான் என் மாலையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தேன். மறுநாள் எல்லோரும் கூடியிருக்கும்போது நடுவீட்டில் வைத்து என் கையாலேயே அவள் கழுத்தில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊர் ஒரு தடவையாவது என் மனசைப் பற்றிப் பேசட்டுமே.

சாயங்காலம் நாங்கள் இருவரும் அவியலுக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"மயினி, நாளைக்கு இவளுக்க மாலையப் போட்டுக்கிடுங்க. மாப்பிள வீட்டுக்காரங்க வாறப்ப நீங்க வெறுங்கழுத்தா நிக்கண்டாம்" என்றார்.

எனக்கு அரிவாள்மணையில் கை நின்றுவிட்டது. என் பண்டத்தை இரண்டாவது தடவையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஓரகத்தி சேனைக்கிழங்கிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அவகிட்ட கேட்டியா?"

"அவ என்ன சொல்லப் போறா?"

"அது அவளுக்குத்தான தெரியும். கேளு."

அவர் என் பக்கம் திரும்பினார். என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "குடுக்கட்டா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

கொடுக்க வேண்டும் என்று காலையிலிருந்து துடித்தவள் நான்தான். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் முகம் செத்துப் போனது. ஓரகத்தி, "அவ வேண்டாங்கா. விடு, போய் எல வெட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கிழங்கை நறுக்கினாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

மறுநாள் அவள் தாலி மட்டும் போட்டுக்கொண்டு பந்தி விசாரித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் வெறுங்கழுத்தோடுதான் வந்தாள். அவளுடைய நகையும் அதே பாங்கில்தான் மாட்டியிருந்ததாம். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துச் சேர்ந்துகொண்டார்கள். நான் மாலையோடு ஓரமாக நின்று வெற்றிலை மடித்தேன். பிறகு, எங்கள் ஜில்லா மதராஸோடு சேர்ந்த வருஷம், ஒரு பெரிய பாங்கு எங்கள் பாங்கை எடுத்துக்கொண்டது. கடனை அடைத்தோம். பொட்டலத்தில் இருந்த பெயரைப் பார்த்து அவள் மாலையையும் கைச்சங்கிலியையும் எங்கள் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் நீட்டினேன். முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்துப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் எதற்கும் என்னைக் கேட்காமல் இருந்ததில்லை. மாடு விற்கவும் கேட்பார், ஓடு மாற்றவும் கேட்பார். உனக்கென்ன, புருஷன் உன்னைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறான் என்று மற்றப் பெண்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு ஒன்று படவில்லை. என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவர் ஒரு தடவை என் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.