வயரைக் கழற்றாத நாள்

பள்ளியில் படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் கணினி கேம்களை ஐந்தாறாகச் சேர்த்து, மலிவான ஒரே கட்டாகப் பென்டிரைவில் போட்டு விற்பார். ஒல்லியான ஆள்; கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். எந்தக் கட்டையும் கொடுக்கும் முன் கடைக் கணினியின் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு கேமைத் திறந்து காட்டுவார்.

"பாத்தீங்களா அக்கா, இன்டர்நெட் இல்லாமலே திறக்குது, பூட்டு இல்ல. பூட்டு போட்டத நான் விக்கமாட்டேன் லா."

என் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டு மாலையில் நகர முடியாத எனக்கு அந்த விளையாட்டுகள்தான் வெளியுலகம்.

கடைசியாக வாங்கியபோது அவர் வயரைக் கழற்றவில்லை. கவனித்தேன், கேட்கக் கூச்சம். வீட்டில் ஆறில் நான்கு கேம்கள் இன்டர்நெட் கேட்டு நின்றுவிட்டன.

அடுத்த வாரம் போனேன். "அண்ணே, அன்னைக்கு வயரைக் கழட்டலையே?"

கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "கழட்டினா திறக்காது அக்கா. இப்போ எனக்கு வர்ற கேம்ல பாதிக்கு மேல பூட்டோடதான் வருது. அத வேணாம்னு நான் சொன்னா கடையில சரக்கே இருக்காது."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டா சொல்லிடணும்னு இருந்தேன். கேக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்."

அவர்மேல் எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு கேட்டு கம்பெனியில் மனு எழுதிக் கொடுத்தேன்.